தபால் கந்தோரின் குவிமாடம்

வெள்ளைச் சீலையில் சுண்ணப்பொடி தூவி
முழங்கை படாமல் குனிந்திருப்பேன்.
ஊசிமுனைப் பேனா, சீன மை.
மாசம் முப்பது வெள்ளிக்கு
இன்னொருவர் கண்ட கனவை
மயிரிழை பிசகாமல் நகல் எடுக்கிற உத்தியோகம்.

பெல்டன் துரைக்கு ஒருமுறை வடஇந்தியாவில்
ஆறு கிழமை லீவு கிடைத்ததாம்.
ஆறு கிழமையும் ஒரு தோல் புத்தகத்துக்குள்
மடங்கிக் கிடந்தது:
ஒரு கல்லறையின் தலை,
ஓர் அரண்மனையின் இடுப்பு,
பெயர் குறிக்க மறந்த ஏதோ பள்ளிவாசலின் காது.
எல்லாவற்றையும் கூட்டிக் கோலாலம்பூருக்கு
ஒரு தபால் கந்தோர்.

தோளுக்குப் பின்னால் வந்து நின்று கேட்டார்:
"அருளம்பலம், இது உங்கள் ஆட்களின் பாணிதானே?
சரியாக வந்திருக்கிறதா?"

வட்டுக்கோட்டையில் நான் கண்ட உருண்டைகள்
பனங்காயும்
வைரவர் சூலத்தில் குத்திய தேசிக்காயும்.
குவிமாடம் என்று ஒன்றை முதன்முதல் பார்த்ததே
இந்தச் சீலையில், என் கையால்,
எட்டு அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில்.
"ஓம் துரை, அச்சொட்டு" என்றேன்.

காவல்கார ஹசாரா சிங் லாகூர்ப் பக்கத்தான்.
படத்தை ஒருநாள் தலைசாய்த்துப் பார்த்துவிட்டு
"எங்கள் ஊருக்குக் கிட்ட இப்படி ஒன்று இருக்கு.
உள்ளே ஒரு ராஜா செத்துக் கிடக்கிறான்.
இதற்குள் யார்?" என்றான்.
முத்திரை விற்பார்கள் என்றேன்.
துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தான்.

பங்குனி.
நீலப்படி எடுக்க வெயில் வேண்டும்.
இரண்டு மணி தாண்டினால்
கோம்பாக் ஆற்றுப் பக்கம் இருண்டுவிடும்.
மிச்சம் ஒரே ஒரு தாள்:
தென்கிழக்குச் சின்னக் குவிமாடம்,
அதன் கழுத்தைச் சுற்றி ஓடும் நீர்க்கால்.
என் நெற்றியிலிருந்து ஒரு துளி.
சீலையின் பசை இளகி, மை பூத்தது.
ஒற்றி எடுத்துப் பார்த்தால்
இரண்டு கோடு இருந்த இடத்தில் ஒரு கோடு.
துரை கடிகாரத்தைப் பார்த்தபடி
கையெழுத்து வைத்தார்.

தாளில் இல்லாததை
லியோங் ஃபாட் கட்டவில்லை.

செங்கல், அதன்மேல் வெள்ளைப் பட்டை, திரும்பவும் செங்கல்.
திறப்பு விழாவுக்கு வாத்தியக் குழு வந்தது.
அடுத்த நாள் மூன்று மணி மழைக்குத்
தென்கிழக்கு மூலை ஒழுகியது.
அதற்கடுத்த நாளும்.
இந்நாட்டு மழைக்கு அளவு தெரியாது என்று
துரை அறிக்கை எழுதினார்.
பேந்து யாரோ எதையோ சொல்ல,
ஒப்பந்தக்காரரின் கணக்கில் நூற்றிநாற்பது வெள்ளி வெட்டு.

லியோங் ஃபாட் வந்தான்.
மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போன நீலப்படியை
என் மேசையில் விரித்து,
நகம் உடைந்த விரலை வைத்து
பாசார் மலாயில் சொன்னான்:
"ஒரு கோடு. பார். ஒரு கோடுதான்."
அவன் காட்டியது என் கை.
எனக்குத் தெரியாது, துரையைக் கேள் என்றேன்.
அவன் சுருட்டிய சத்தம் இன்னும் கேட்கிறது,
காய்ந்த தாள், மெதுவாக.

அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகு
மூலச் சீலையை எடுத்து
இரண்டாவது கோட்டைப் போட்டேன்.
கை நடுங்கவில்லை.
நல்ல கோடு.

மாசக் கடைசி. வட்டுக்கோட்டைக்கு மணியோடர் அனுப்ப
வரிசையில் நிற்கிறேன்.
புதிதாக வந்தவர்கள் கழுத்தை ஒடித்து
மேலே பார்க்கிறார்கள்.
நான் வாளியைப் பார்க்கிறேன்.
தலை லாகூர், இடுப்பு எங்கேயோ.
இந்த ஒழுக்கு மட்டும்
ஒரு தோல் புத்தகத்திலிருந்தும் வரவில்லை.

காற்று மாறித் துளி வெளியே விழுகிறது.
செருப்பு நுனியால் வாளியை
நாலு அங்குலம் கிழக்கே தள்ளுகிறேன்.
அச்சொட்டு.